கிங்போஸ்ட்டில் போன ஹோஸ்: மாற்றும் முன்பும் மாற்றிய பின்பும் பார்க்க வேண்டியவை

முன்னால் லோடரும் பின்னால் தோண்டும் கையும் உள்ள பேக்ஹோவில் ஹோஸ், அதாவது அழுத்தத்தோடு ஹைட்ராலிக் எண்ணெய் ஓடும் ரப்பர் குழாய், கெட்டுப்போவது புதிதல்ல. போனதைக் கழற்றி, அதே அளவில் ஒன்றுக்கு முனைகளில் ஃபிட்டிங்கை (இணைப்பை) நசுக்கிப் பிரஸ் பண்ணி வாங்கி, மாட்டி, எண்ணெய் ஊற்றிவிட்டால் மெஷின் மறுபடி ஓடும். பெரும்பாலும் அரை நாள் வேலை. ஆனால் அதே இடத்தில் அதே ஹோஸ் திரும்பத் திரும்பப் போனால், கோளாறு ஹோஸில் இல்லை. அது போகிற வழியில் எங்கேயோ இருக்கிறது. அந்த வழியைப் பார்க்காமல் எத்தனை புது ஹோஸ் மாட்டினாலும் காசுதான் கரையும்.

மலேசியாவின் பினாங்குத் தீவில் பழைய பேக்ஹோ ஒன்றை வைத்து லொங்காங் (வடிகால்) வெட்டுவது, குழாய் பதிப்பது, டுரியான் தோட்டங்களுக்கு மண் ரோடு போடுவது என்று எங்கள் பிழைப்பு ஓடுகிறது. மெஷின் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. இதற்கு முன் அதில் யார் என்ன வேலை பார்த்தார்கள் என்பதற்கு ஒரு சீட்டும் இல்லை. பாலிக் புலாவ் பக்கம் ஒரு தோட்டத்தில் வடிகால் வெட்டிக்கொண்டிருந்தபோது டிப்பருக்கு (பின் பக்கெட்டைத் தாங்கும் முன்கைக்கு) எண்ணெய் கொண்டுபோகும் ஹோஸ், கிங்போஸ்ட் (பின்கை முழுவதும் இடமும் வலமும் திரும்பும் கீல் தூண்) பக்கத்தில் போனது. அதை மாற்றிய கதையோடு, இந்த வேலையில் எது முக்கியம் என்று எனக்குப் பட்டதையும் எழுதுகிறேன். சொந்த மெஷின் வைத்திருப்பவர்களுக்கும் புதிதாக ஸ்பானர் பிடிக்கிற தம்பிகளுக்கும் பயன்படும்.

அன்று எங்கள் ஆப்பரேட்டர் அண்ணன் செய்த முதல் காரியத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும். டிப்பரை உள்ளே இழுக்கும்போது வேகம் குறைவதை அவர் கவனித்தார். திரும்பிப் பார்த்தால் கிங்போஸ்ட் பக்கம் மெல்லிய புகை மாதிரி எண்ணெய் பறக்கிறது. உடனே பக்கெட்டைத் தரையில் ஊன்றி எஞ்சினை நிறுத்திவிட்டார். கீழே நின்ற பையன் எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க ஓடினான்.

"டேய், கிட்ட போகாத! கைய வைக்காத!"

அந்த அதட்டல் அவசியமானது. இந்த அளவு பேக்ஹோக்களில் ஹைட்ராலிக் அழுத்தம் 200 முதல் 250 பார் வரை போகும். கார் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய நூறு மடங்கு. ஹோஸ் முழுசாக வெடித்துக் கொட்டினால் பளிச்சென்று தெரியும், ஆள் தானாக விலகிவிடுவான். ஊசித்துளை அளவு ஓட்டைதான் ஆபத்து. அதிலிருந்து வரும் எண்ணெய் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, ஆனால் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். அதற்கு 7 பார் அழுத்தமே போதும் என்று பாதுகாப்புக் கையேடுகள் சொல்கின்றன. கையுறை தடுக்காது. வெளியே பார்த்தால் ஒரு சின்னப் புள்ளி. முதலில் வலியும் பெரிதாக இருக்காது. உள்ளே எண்ணெய் தசைக்கும் நரம்புக்கும் இடையில் பரவியிருக்கும். சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்து சுத்தம் பண்ணாவிட்டால் விரலையோ கையையோ எடுக்க வேண்டிய நிலை வரலாம். அப்படி யாருக்காவது ஆனால் கிளினிக்கில் மருந்து போட்டு வீட்டுக்கு அனுப்ப விடாதீர்கள். நேரே பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போய், "அழுத்தத்தோடு ஹைட்ராலிக் எண்ணெய் உள்ளே போயிருக்கிறது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். காயத்தை மட்டும் பார்க்கிறவருக்கு அதன் ஆழம் தெரியாமல் போகலாம். ஓட்டை எங்கே என்று தேட வேண்டுமென்றால் ஒரு பெரிய அட்டைத் துண்டை நீட்டிப் பார்க்க வேண்டும். எண்ணெய் அட்டையில் படிந்து இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

எஞ்சின் நின்றதும் அழுத்தமும் போய்விட்டது என்று நினைக்கக் கூடாது. பூம் (டிப்பரைத் தாங்கும் பெரிய கை) மேலே தூக்கியபடி நின்றால் அதன் எடை முழுக்க சிலிண்டருக்குள் இருக்கும் எண்ணெயின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. முன் லோடர் பக்கெட், பின் பக்கெட், இரண்டு பக்கக் கால்கள், எல்லாமே தரையில் இருக்க வேண்டும். பிறகு எஞ்சினை நிறுத்தி, எல்லா லீவரையும் எல்லாத் திசையிலும் பலமுறை ஆட்ட வேண்டும். பைலட் கன்ட்ரோல் (லீவர் நேரே வால்வை ஆட்டாமல், சின்ன எண்ணெய் அழுத்தத்தால் ஆட்டும் வகை) உள்ள மெஷின் என்றால் சாவி ஆனில் இருந்து, லீவர் லாக்கை எடுத்திருந்தால்தான் லீவர் ஆட்டுவதில் பயன் உண்டு. எண்ணெய்த் தொட்டியின் மூடியை மெதுவாகத் திருகி உள்ளே இருக்கும் காற்றை விட வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் நட்டை ஒரேயடியாகக் கழற்றுவதில்லை. மேலே துணியைப் போட்டு, முகத்தை ஒதுக்கி வைத்துக்கொண்டு, கொஞ்சம் தளர்த்தி, எண்ணெய் கசிந்து அடங்கும் வரை காத்திருக்க வேண்டும். காலையிலிருந்து ஓடிய மெஷின் என்றால் அந்த எண்ணெய் தோலைப் பொசுக்கும் சூட்டில் இருக்கும். நாங்கள் சூடு ஆறட்டும் என்று விட்டுவிட்டு, அதற்குள் கிங்போஸ்ட்டைச் சுற்றியிருந்த களிமண்ணைச் சுரண்டினோம்.

சுரண்டுவதும் வேலைதான், அதுவும் பாதி வேலை. பாலிக் புலாவ் மண் மழையில் நனைந்தால் மெஷினில் அப்பிக்கொள்ளும். அதோடு நட்டைத் திறந்தால் ஒரு சிட்டிகை மண்ணாவது உள்ளே போகும். உள்ளே போனது வால்வையும் சிலிண்டர் சீலையும் கீறும். ஹோஸ் மாற்றப் போய் கன்ட்ரோல் வால்வுக்குச் செலவு வைத்துக்கொண்டவர்கள் உண்டு. முதலில் சுரண்டி, பிரஷ் போட்டு, துணியால் துடைத்து, இரும்பு நிறம் தெரிந்த பிறகுதான் ஸ்பானர் வைத்தோம். கழற்றுவதற்கு முன் போனில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டோம். கிங்போஸ்ட்டில் ஒரே மாதிரி ஹோஸ்கள் வரிசையாக நிற்கும். ஒரு சிலிண்டருக்கு இரண்டு ஹோஸ். அவை இடம் மாறிவிட்டால் லீவர் தலைகீழாக வேலை செய்யும், அது ஆளுக்கே ஆபத்து. கழற்றியதற்கும் அதன் துணைக்கும் பெயின்ட் மார்க்கரால் குறி போட்டோம்.

கழற்றும்போது எப்போதும் இரண்டு ஸ்பானர் வேண்டும். ஒன்று கீழே மெஷின் பக்கம் இருக்கும் இணைப்பான அடாப்டரைப் பிடிக்க, இன்னொன்று ஹோஸ் நட்டைத் திருக. ஒன்றை மட்டும் வைத்து மல்லுக்கட்டினால் அடாப்டரும் சேர்ந்து சுழன்று அதன் சீல் போய்விடும், அல்லது பக்கத்து ஸ்டீல் குழாய் முறுக்கிக்கொள்ளும். கழன்றதும் திறந்த வாய்களை உடனே மூட வேண்டும். பிளாஸ்டிக் மூடி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் சுத்தமான பிளாஸ்டிக் பையைச் சுற்றி கேபிள் டை போட்டுக் கட்டலாம். துணியைத் திணிக்கவே கூடாது, அதன் நூல் எண்ணெயோடு போய் உள்ளே மாட்டிக்கொள்ளும்.

இனிதான் எனக்கு முக்கியமாகப் படுகிற இடம். பழைய ஹோஸ் கையில் வந்ததும் கடைக்கு ஓடக் கூடாது. அதைத் துடைத்து, வெயில் படும் இடத்தில் நீட்டிப் போட்டு, உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு சேதத்துக்கும் ஒரு முகம் உண்டு. வெளி ரப்பர் ஒரே பக்கம் தேய்ந்து கம்பி தெரிந்தால் எதிலோ உரசியிருக்கிறது. வளைவின் வெளிப்புறத்தில் கிழிந்திருந்தால் அளவுக்கு மீறி வளைத்து மாட்டியிருக்கிறார்கள். ரப்பர் முழுக்க விறைத்து, வளைத்தால் வெடிப்பு விடுகிறது என்றால் சூட்டாலோ வயதாலோ போனது. ஃபிட்டிங் கழன்று தனியாக வந்திருந்தால் பிரஸ் பண்ணியது சரியில்லை. அண்ணனும் நானும் அதைத் தரையில் போட்டுப் பார்த்தபோது இரண்டு விஷயம் தெரிந்தது. ஒரு கை அகலத்துக்கு ஒரே பக்கம் ரப்பர் வழித்துப்போய், உள்ளே கம்பிப் பின்னல் செந்துருவாக இருந்தது. அதோடு ஹோஸின் மேல் நீளவாக்கில் அச்சடித்திருக்கும் எழுத்து வரி நேராக ஓடாமல், ஹோஸைச் சுற்றிக்கொண்டு போனது.

"தம்பி, இது முறுக்கிக்கிட்டே ஓடியிருக்கு. மாட்டும்போதே முறுக்கி மாட்டிட்டாங்க."

மெஷின் பக்கம் போய் அது போன வழியைக் கையால் தடவிப் பார்த்தோம். கிங்போஸ்ட்டின் உட்பக்கம் ஹோஸ்களைப் பிடித்து நிறுத்தும் கிளாம்ப்பின் போல்ட் உடைந்து, உள்ளே இருக்க வேண்டிய ரப்பரும் இல்லை. பூம் இடமும் வலமும் திரும்பும்போதெல்லாம் ஹோஸ் வெளியே தள்ளிக்கொண்டு போய் ஒரு தகட்டு விளிம்பில் உரசியிருக்கிறது. அந்த விளிம்பு அந்த இடத்தில் மட்டும் பளபளவென்று இருந்தது. ரப்பர் போனதும் மழைத் தண்ணீர் கம்பியைத் தொட்டுவிட்டது. நாங்கள் தெலுக் கும்பார் கடலோரத்திலும் வேலை செய்கிறோம், அந்த உப்புக் காற்றில் துரு இன்னும் வேகமாக ஏறும்.

கம்பிதான் ஹோஸின் பலம். ரப்பர் வெறும் குழாய், அழுத்தத்தைத் தாங்குவது அதைச் சுற்றிய பின்னல். எங்கள் மெஷினில் இருப்பது டூ வயர் ஹோஸ் (இரண்டு அடுக்குக் கம்பிப் பின்னல்), ஐரோப்பியத் தரமான ஈஎன் 853இல் 2எஸ்என் என்று எழுதியிருக்கும். 1/2 இன்ச் அளவில் அதற்கு வேலை அழுத்தம் 275 பார், வெடிக்கும் அழுத்தம் அதைப்போல நாலு மடங்கு, அதாவது 1100 பார். அப்படிப்பட்ட ஹோஸ் 250 பாரில் தானாக வெடிக்காது. கம்பியைத் துரு தின்ற பிறகுதான் வெடிக்கிறது. அதனால்தான் "ஹோஸ் தரம் சரியில்லை" என்று யாராவது சொன்னால் பழைய துண்டைக் காட்டச் சொல்லுவேன்.

பாயான் லெப்பாஸ் பக்கம் ஹோஸ் பிரஸ் பண்ணும் கடைக்குப் பழைய ஹோஸை முழுசாக, இரண்டு முனையோடும் எடுத்துப் போனோம். போவதற்கு முன் செய்த ஒரு வேலை: பழைய ஹோஸை ஒரு முனையில் மட்டும் கையால் மாட்டி, பூம் இரண்டு ஓரத்துக்கும் திரும்பினால் எவ்வளவு நீளம் தேவைப்படும் என்று ஒரு கயிற்றால் வழியை அளந்தோம். பழைய ஹோஸின் நீளமே சரியான நீளம் என்று நம்ப முடியாது. முன்பு மாட்டியவர் குறைவாகவோ கூடுதலாகவோ வெட்டியிருக்கலாம். அழுத்தம் ஏறும்போது ஹோஸ் 2 சதவீதம் நீளவும் 4 சதவீதம் சுருங்கவும் கூடும். ஒன்றரை மீட்டர் ஹோஸில் அது 6 சென்டிமீட்டர் சுருக்கம். இழுத்துப் பிடித்த மாதிரி மாட்டினால் அந்த 6 சென்டிமீட்டரும் ஃபிட்டிங்கைத்தான் பிடுங்கும்.

கடையில் ஃபிட்டிங்கைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய விடாதீர்கள். 1/2 இன்ச் பிஎஸ்பி (பிரிட்டிஷ் வகை) மரையின் வெளி விட்டம் 21 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, ஒரு இன்ச்சுக்கு 14 மரை. அதே அளவு ஹோஸுக்கு வரும் ஜேஐசி (அமெரிக்க வகை) ஃபிட்டிங் 19 மில்லிமீட்டர், 16 மரை. மெட்ரிக்கில் 22 மில்லிமீட்டர் ஒன்று இருக்கிறது. தூரத்திலிருந்து மூன்றும் ஒன்று போலவே இருக்கும். உட்காரும் சாய்வும் வேறு: பிஎஸ்பிக்கு 60 டிகிரி, ஜேஐசிக்கு 37. தவறானது ஓரிரு சுற்று ஏறி இறுகிக்கொள்ளும், பிறகு அழுத்தத்தில் மரையோடு பிய்த்துக்கொண்டு வரும். கடை அங்கிள் வெர்னியரும் மரை அளக்கும் சீப்பும் வைத்துப் பார்த்துத்தான் எடுத்தார். ஹோஸின் அளவு என்பது உள் விட்டம், வெளியே டேப் சுற்றி அளப்பதில் பயனில்லை. ஒரு முனையில் வளைந்த ஃபிட்டிங் இருந்ததால், அது மறுமுனையைப் பார்த்து எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்று பழைய ஹோஸைப் பக்கத்தில் வைத்துக் குறித்தோம். இந்தக் கோணம் தப்பினால் மாட்டும்போது முறுக்கித்தான் ஆக வேண்டும். எங்கள் பழைய ஹோஸ் முறுக்கிக்கொண்டதற்கும் அதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

வெட்டும்போது பிளேடு ரப்பர் தூளையும் கம்பித் துகளையும் உள்ளே தள்ளும். பிரஸ் பண்ணுவதற்கு முன் ஸ்பாஞ்ச் குண்டைக் காற்றுத் துப்பாக்கியில் வைத்து ஹோஸின் உள்ளே அடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். நல்ல கடைகள் கேட்காமலே செய்வார்கள். செய்யாவிட்டால் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. முதலில் அடித்த குண்டு கறுப்பாக வெளியே வந்ததைப் பார்த்தால் ஏன் என்று புரியும். ஃபிட்டிங் முழு ஆழத்துக்கு ஏறியிருக்கிறதா என்று ஹோஸில் குறி போட்டுப் பார்ப்பதும், பிரஸ் ஆன பிறகு விட்டத்தை வெர்னியரால் அளப்பதும் கடைக்காரர் வேலை, ஆனால் பக்கத்தில் நின்று பார்க்கலாம். செலவைக் குறைக்க, பழைய ஃபிட்டிங்கை அறுத்து எடுத்து மறுபடி பிரஸ் பண்ணித் தரச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். ஒரு முறை நசுங்கிய ஃபிட்டிங் அதே பிடியை மறுபடி கொடுக்காது. வெடித்த இடத்தை வெட்டிவிட்டு நடுவில் ஜாயின்ட் வைப்பதும் திரும்பி வளைகிற கிங்போஸ்ட் மாதிரி இடத்துக்கு ஒத்துவராது.

மாட்டும் வேலைக்கு முன் புது கிளாம்ப், புது ரப்பர், புது போல்ட் போட்டோம். உரசிய விளிம்பை அரத்தால் மழுக்கி பெயின்ட் அடித்தோம். அதன் பிறகுதான் ஹோஸ். இரண்டு முனையையும் கையால் ஏற்றி, எழுத்து வரி நேராக இருக்கிறதா என்று பார்த்து, ஒருவர் ஹோஸைப் பிடித்துக்கொள்ள இன்னொருவர் நட்டை இறுக்க வேண்டும். நட்டை இறுக்கும் கடைசிச் சுற்றில்தான் ஹோஸ் கூடவே முறுக்கிக்கொள்ளும். 7 டிகிரி முறுக்கே ஹோஸின் ஆயுளில் 90 சதவீதத்தைத் தின்றுவிடும் என்று தயாரிப்பாளர்களின் கையேடுகள் சொல்கின்றன. 1/2 இன்ச் டூ வயர் ஹோஸின் வளைவு 180 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் குறையக் கூடாது. ஃபிட்டிங்கை விட்டு வெளியே வந்த உடனே வளைக்காமல் கொஞ்ச தூரம் நேராகப் போக விட வேண்டும். பலத்தைக் காட்டி இறுக்குவதும் கெடுதல்தான், உட்காரும் சாய்வே நசுங்கிவிடும்.

எண்ணெய் மெஷின் கையேட்டில் சொன்ன வகைதான். நம் வெயிலுக்குப் பெரும்பாலும் வி.ஜி. 46 (எண்ணெயின் தடிப்பைச் சொல்லும் எண்) ஓடும். அளவு பார்ப்பதற்கு ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு நிலை இருக்கிறது; பூம், பக்கெட் எப்படி இருக்கும்போது பார்க்க வேண்டும் என்று கையேட்டில் இருப்பதைப் பின்பற்றுங்கள். பிறகு எஞ்சினை ஐடிலில் விட்டு, டிப்பரைக் கடைசிவரை இடிக்காமல் மெதுவாக முன்னும் பின்னும் பலமுறை ஓட்டி, உள்ளே போன காற்றை வெளியேற்றினோம். முதலில் டிப்பர் விட்டுவிட்டு நகர்ந்தது, கொஞ்ச நேரத்தில் சீரானது. தொட்டியில் எண்ணெய் பால் மாதிரி நுரைத்திருந்தால் காற்று இன்னும் இருக்கிறது, பொறுங்கள். பூமை இடமும் வலமும் மெதுவாகத் திருப்பச் சொல்லி, ஹோஸ் எதையும் தொடாமல் போகிறதா என்று தள்ளி நின்று பார்த்தேன். கசிவு தெரிந்தால் எஞ்சினை நிறுத்தி அழுத்தத்தை இறக்கிய பிறகுதான் இறுக்க வேண்டும். ஓடும்போது ஸ்பானர் வைக்கவே கூடாது. ஒரு நாள் வேலை ஓடிய பிறகும் நட்டுகளை ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

கொட்டிய எண்ணெயைப் பற்றியும் சொல்ல வேண்டும், பலர் இதைக் கண்டுகொள்வதில்லை. தோட்டத்து லொங்காங்கில் விழுந்தால் அது ஆற்றுக்குத்தான் போகும், அங்கிருந்து கடல். மரத்தூள் போட்டு ஊறவைத்து அள்ளினோம். பழைய ஹைட்ராலிக் எண்ணெய் மலேசியாவின் 2005ஆம் ஆண்டு அட்டவணையிட்ட கழிவு (Scheduled Wastes) விதிமுறைகளில் எஸ்டபிள்யூ 306 என்ற வகையில் வருகிறது, எண்ணெய்த் துணிகள் எஸ்டபிள்யூ 410. டிரம்மில் சேர்த்து வைத்து, உரிமம் உள்ளவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். மழை வருமுன் அள்ளிவிட்டால் வேலை சுலபம்.

ஒரு ஹோஸ் போனால் அதன் கூடப் பிறந்தவற்றையும் பார்க்க வேண்டும். எழுத்து வரியில் தயாரித்த காலாண்டும் வருடமும் இருக்கும். ஜெர்மன் தரமான டின் 20066, ஃபிட்டிங் போட்ட ஹோஸைப் பயன்பாட்டில் 6 வருடத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்கிறது. அந்த 6 வருடத்தில் கடையிலோ ஸ்டோரிலோ கிடந்த காலம் 2 வருடத்துக்கு மிஞ்சக் கூடாது. நம் வெயிலுக்கு அதுவே அதிகம் என்பது என் அபிப்பிராயம். எங்கள் கிங்போஸ்ட்டில் அதே வயதுள்ள இன்னொரு ஹோஸிலும் ரப்பர் தேயத் தொடங்கியிருந்தது. கம்பி இன்னும் வெளியே வரவில்லை. அதையும் அன்றே மாற்றினோம். மெஷின் எப்படியும் நின்றுதான் இருந்தது, தொட்டியும் திறந்துதான் இருந்தது.

இப்போது கிங்போஸ்ட் ஹோஸ் இரண்டை முன்கூட்டியே பிரஸ் பண்ணி, இரு முனையும் மூடி, எந்த ஹோஸ் என்று சீட்டு கட்டி, லாரியில் கறுப்புப் பையில் வைத்திருக்கிறோம். ஆணியில் மாட்டித் தொங்கவிடுவதில்லை, பெரிய வளையமாகச் சுருட்டி, தட்டையாக, வெயில் படாமல். கூடவே சில ஓ-ரிங், பிளாஸ்டிக் மூடிகள், ஒரு கிளாம்ப் செட், ஐந்து லிட்டர் எண்ணெய், ஒரு பெரிய அட்டை. அண்ணன் வாரத்தில் ஒரு நாள் காலையில் எஞ்சினைப் போடுவதற்கு முன் கிங்போஸ்ட்டைச் சுரண்டி கிளாம்ப் போல்ட்டைக் கையால் ஆட்டிப் பார்க்கிறார். அதைப் பையனுக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டார்.